ஒற்றைக் கோடு

கோய் விட்ட முதல் குத்து எலாடியோவின் மூக்கில் விழுந்தது. இரண்டாவது, அவர் கோட்டு மார்பில் குத்தியிருந்த வெள்ளைப் பூவின் மேல். ஹார்லன் மாப்ரியின் சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேரை நிறுத்தியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் சர்ச் வாசலிலேயே கட்டிப் புரண்டால் மீதி நாலு பேர் என்ன செய்வார்கள்? அவரவர் பூ நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

கட்டிப் புரண்டார்கள் என்று சொல்வதும் சரியில்லை. எலாடியோ கையைத் தூக்கவே இல்லை. அடி விழ விழ ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கினார். நாலாவது படியில் கால் இடறி மல்லாந்தார். கோய் அவர் நெஞ்சின் மேல் முட்டி போட்டு, காலரைப் பிடித்துத் தலையைத் தூக்கித் தூக்கிச் சிமென்ட்டில் மோதினான்.

“எங்கப்பன் பொட்டிய நீ தொடுவியா? நீ தொடுவியாடா?”

வெல்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தம்பியின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். நாற்பத்து நாலு வயதுப் பெண், கறுப்பு உடுப்பும் ஞாயிற்றுக்கிழமைச் செருப்புமாக, செத்த அப்பாவுக்குப் பத்தடி தள்ளி நின்று தம்பியோடு மல்லுக்கட்டுகிறாள். ஊர் அதையும் பார்த்தது. பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தது. ஒக்லஹோமாவின் இந்தப் பக்கத்தில் சங்கடமாக ஏதாவது நடந்தால் எல்லோரும் வானத்தைத்தான் பார்ப்போம். மழை வருமா என்று பேச ஒரு சாக்கு கிடைக்கும்.

“விடுடா! டாடி உள்ள கெடக்காரு, நீ வெளிய கொலை பண்றியா?”

“கொலை பண்ணது இவன்! இவன்கிட்டயே கேளு!” கோய் மூச்சு வாங்கினான். “நான் பட்டறைக்குப் போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன். பின்பாதி இஞ்சின் அது, நீல வண்டியோடது. ஒயர் தொங்கவிடுற தகட்டுல சங்கிலிய மாட்டித் தூக்கியிருக்கான் இந்தக் கழுத! பன்னண்டு வருஷம் எங்கப்பன்கிட்ட வேல பாத்தவனுக்கு முன்பாதி எது பின்பாதி எதுன்னு தெரியாதா?”

வெல்டாவின் கை அவன் முடியில் அப்படியே நின்றுவிட்டது.

போலீஸ்காரர் ஸ்டோவல் வந்து கோயை இடுப்போடு சேர்த்துத் தூக்கி எடுத்தார். ஸ்டோவலும் ஹார்லனும் முப்பது வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் பண்ணியவர்கள். “இன்னிக்கு உன்ன உள்ள வச்சேன்னா உங்கப்பன் பொட்டிய தொறந்துட்டு வந்து என்னத்தான் அடிப்பான். கைய இறக்குடா” என்றார்.

எலாடியோ எழுந்து உட்கார்ந்தார். மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. வாயில் சேர்ந்த ரத்தத்தைக் கைக்குட்டையில் துப்பினார். சர்ச் படியில் துப்பக் கூடாது என்ற நினைப்பு அப்போதும் அவருக்கு இருந்தது. நசுங்கிய பூவைக் கழற்றி ஸ்டோவலிடம் நீட்டினார்.

“அவர் சொல்றது சரிதான். என் தப்பு” என்றார். “பொட்டிய நான் தொடல.”

வெல்டாவை மட்டும் அவர் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட ‘மிஸ் வெல்டா’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அவளைக் கடந்து போனவர் இல்லை. இன்றைக்குக் கடந்து போனார்.

நீல வண்டி என்ற வார்த்தையை வெல்டா மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

மாப்ரி குடும்பத்துக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் நாற்பது ஏக்கரில் ஒரு யார்டு இருக்கிறது. அடிபட்ட பிக்கப் வண்டிகளை வாங்கிப் போட்டு, பிரித்து விற்கிற இடம். கல்யாணம் பண்ணிக்கொள்வதைவிட யோசித்துப் பிக்கப் வாங்குகிற ஊரில் இது நல்ல தொழில். அதிலும் ஒரு குறிப்பிட்ட வருஷத்து டீசல் பிக்கப்புக்குத் தேடி வருகிறவர்கள் அதிகம். அந்த ஒரே வருஷத்தில் கம்பெனி இரண்டு எஞ்சின் போட்டது. வண்டிக் கம்பெனிக்கு வருஷம் முந்தின கோடையிலேயே தொடங்கிவிடும்; ஜனவரி வரைக்கும் ஒன்று, அதற்கப்புறம் இன்னொன்று. தாளில் இரண்டுக்கும் ஒரே வருஷம்தான். நிறம், நீளம், எடை எல்லாம் ஒன்று. ஆனால் முன்பாதியின் உதிரி பின்பாதிக்குச் சேராது. இதைத் தெரியாமல் வாங்கிப்போய், திரும்ப வந்து கவுன்டரில் கத்தியவர்களை வெல்டா எத்தனையோ பேர் பார்த்திருக்கிறாள்.

பார்த்துச் சொல்ல ஒரு வழிதான் உண்டு. எஞ்சினின் பின்புறம், ஒயர்களுக்கும் அழுக்குக்கும் அடியில் கையை விட்டால் ஒரு வளையம் தட்டுப்படும். முன்பாதியில் அது கட்டைவிரல் தடிமன் வார்ப்பிரும்பு. சங்கிலி மாட்டித் தூக்குவதற்கென்றே வைத்தது. பின்பாதியில் அதே இடத்தில், அதே வடிவத்தில், அதே கறுப்பில் மெல்லிய தகடு. ஒயரைத் தொங்கவிட மட்டும். அதைத் தூக்க வேண்டுமானால் மேலே போல்ட் முறுக்கி, பட்டை கட்டித் தூக்க வேண்டும்.

விரலை விட்டு ஒரு தடவை பார்த்தபின் மஞ்சள் பெயின்ட் பேனாவால் எஞ்சின் தலையில் கோடு போடுவார்கள். முன்பாதிக்கு ஒன்று, பின்பாதிக்கு இரண்டு. கோடு காயும்வரை யாரும் எஞ்சினைத் தொடக் கூடாது என்பது ஹார்லனின் சட்டம். யார்டில் புழுதிக்குக் குறைவில்லை. ஈரத்தில் புழுதி ஒட்டினால் ஒன்று இரண்டாகத் தெரியும், இரண்டு ஒன்றாகத் தெரியும்.

யார் போட்ட கோடானாலும் ஹார்லன் திரும்பச் சோதிப்பார். எலாடியோ போட்டது, தானே போன மாதம் போட்டது, எதுவானாலும். கோய் போட்ட கோட்டை ஒருமுறை வாடிக்கையாளர்கள் முன்னால் துணியால் துடைத்துவிட்டு, “முதல்ல உன் கையத் தேச்சுக் கழுவுடா, அப்பவாவது ஒரு உணர்ச்சி வருதான்னு பாப்போம்” என்றார். அந்த வாரமே கோய் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டான். எட்டு வருஷம் ஆகிறது. வெல்டாவின் கோட்டை மட்டும் அவர் சோதித்ததே இல்லை. அவள் இடதுகைக்காரி; கோட்டின் அடிமுனை கொக்கிபோல வலப்பக்கம் திரும்பும். அதைப் பார்த்தால் போதும் அவருக்கு.

அந்த நீல வண்டி ஜனவரியில் வந்தது. பனிக்கட்டியும் மழையுமாகக் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. ஆபீஸில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வெல்டா இடது கதவைத் திறந்து, அதன் விளிம்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் மாதத்தைப் பார்த்தாள். நவம்பர். முன்பாதி. எஞ்சின் மூடியைத் தூக்கி ஒரு கோடு போட்டாள். விரலை விடவில்லை.

கதவின் நீலம் வண்டியின் நீலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அதைப் பார்த்தாள். அதுதான் இப்போது அவளைத் தின்றது. யார்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது எப்படிப் புரியாமல் போகும்? வேறு எந்த வண்டியின் கதவையோ கழற்றி இதில் மாட்டியிருக்கிறார்கள். கதவு சொல்கிற மாதம் அந்த வேறு வண்டியின் மாதம். வெயிலில் சாயம் மாறியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை எடுக்க ஓடினாள்.

இரண்டு நாளைக்கு முன், வியாழக்கிழமை காலையில், ஹார்லன் அந்த எஞ்சினைத் தூக்கினார். குளிருக்குக் கையுறை போட்டிருந்தார். சங்கிலியை மாட்டியது அவர். செயின் பிளாக்கை இழுத்தது எலாடியோ. எஞ்சின் இரண்டடி மேலே வந்ததும் இடப்பக்கம் சிக்கிய ஒரு போல்ட்டை எடுக்க ஹார்லன் அடியில் குனிந்தார். ஆபீஸில் இருந்த வெல்டாவுக்குச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் எலாடியோவின் குரல் வாக்கிடாக்கியில், “ஆம்புலன்ஸ்! மிஸ் வெல்டா, ஆம்புலன்ஸ்!” அவள் போனில் இடத்தைச் சொல்லி முடித்து யார்டின் கோடியில் இருந்த பட்டறைக்கு ஓடிப் போவதற்குள் அப்பா போய்விட்டார். எஞ்சினுக்குக் கீழே தெரிந்த கறுப்பையும், பாதி அறுந்த காதையும், திறந்தபடியே இருந்த ஒரு கண்ணையும் பார்த்தாள். எந்த எஞ்சின் என்று அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

இடுகாட்டுக்குப் போகும்போது எதிரே வந்த வண்டிகள் எல்லாம் எங்கள் வழக்கப்படி சாலை ஓரம் ஒதுங்கி நின்றன. ஒரு மாட்டு லாரிக்காரன் இறங்கித் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். வெல்டா கண்ணாடிக்குள்ளிருந்து அவனைப் பார்த்தாள். ‘எனக்கெல்லாம் தொப்பியக் கழட்டாதய்யா’ என்று கத்த வேண்டும்போல இருந்தது.

திங்கட்கிழமை தொழிலாளர் பாதுகாப்பு ஆட்கள் வருகிறார்கள். யார் செய்தது என்று கேட்பார்கள். எலாடியோ ‘என் தப்பு’ என்று சொல்லியாகிவிட்டது. அதோடு இந்த வட்டாரத்தில் ஒரு யார்டும் அவரை வாசலில் சேர்க்காது. அதுவரைக்கும் கோய் அவரை உயிரோடு விட்டுவைத்தால்தான் அதுவும். வாயைத் திறந்தால் அப்பாவைக் கொன்றவள் அவள். திறக்காவிட்டால் அந்தப் பெயர் எலாடியோவுக்கு.

சர்ச் கூடத்தில் சாப்பாடு வைத்திருந்தார்கள். பன்றித்தொடை, சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, பழம் வைத்துச் சுட்ட பை நாலு விதம். யாரோ தட்டில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். “கொஞ்சமாவது சாப்பிடு வெல்டா. உங்கப்பா நல்லாத்தான் வாழ்ந்தார், சட்டுனு போயிட்டாரு, வலியே தெரிஞ்சிருக்காது” என்றாள் போதகரின் மனைவி. நானூறு கிலோ இரும்பு நெஞ்சில் விழுந்தவனுக்கு வலி தெரியாதாம். வெல்டா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். ஜன்னல் வழியாக கோய் தெரிந்தான். காகிதப் பையில் சுற்றிய புட்டியோடு தன் பிக்கப்பின் பின்கதவில் உட்கார்ந்திருந்தான். கை முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

அவள் பின்வாசல் வழியாக வெளியேறி யார்டுக்கு ஓட்டினாள். அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஒருவேளை இரண்டு கோடு போட்டிருந்தால்? ஒருவேளை கோடு போட்டதே அப்பாவோ எலாடியோவோவாக இருந்தால்? செய்யாத வேண்டுதல் எல்லாம் அந்தப் பத்து மைலில் செய்தாள்.

பட்டறைக் கதவு திறந்திருந்தது. நடுவில் நீல வண்டி. அதற்கு முன்னால், தீயணைப்பு ஆட்கள் தூக்கி வைத்த இடத்தில், எஞ்சின். சுற்றிக் கட்டியிருந்த மஞ்சள் நாடா காற்றில் அறுந்து தூணில் அடித்துக்கொண்டிருந்தது. சிமென்ட்டில் மரத்தூள் கொட்டியிருந்தார்கள். அதன் நடுவே கறுப்பாக ஊறியிருந்தது. வெல்டா அதைத் தாண்டிப் போய் எஞ்சின் தலையைப் பார்த்தாள்.

கோடே இல்லை.

மற்ற இடமெல்லாம் எண்ணெயும் தூசியும் அப்பியிருக்க, ஒரு கை அகலத்துக்கு மட்டும் இரும்பு பளபளவென்று இருந்தது. குனிந்து முகர்ந்தாள். தின்னர் வாசனை.

“மிஸ் வெல்டா.”

எலாடியோ பட்டறையின் கோடியில் நின்றிருந்தார். தன் சிவப்பு டூல் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மெக்கானிக் வேலையை விட்டுப் போகும்போது அதுதான் அவனோடு போகும். இரண்டு மூக்குத் துளையிலும் துணியைத் திரித்துச் செருகியிருந்தார்.

“அழிச்சது நீங்களா?”

“எத?”

“எலாடியோ.”

அவர் பெட்டியின் பிடியை விட்டார். “அவர் போனதுக்கு அப்புறம் தொடச்சேன். நீங்க ஓடி வர்றதுக்கு முன்னாடி.”

“எதுக்கு?”

“அவர்தான் சொன்னாரு.” எலாடியோ தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நாலு நிமிஷம் உசுரு இருந்துச்சு. நான் ஜாக்க வச்சு முட்டுக் குடுத்துட்டு இருந்தேன். வாயெல்லாம் ரத்தம். ‘ஜாக்க விடுடா, போய் கோட்டத் தொடச்சிரு’ன்னாரு. நான் விடல. மறுபடியும், ‘வெல்டா வந்துருவா, கோட்டத் தொடச்சிரு’ன்னாரு. வேற ஒண்ணுமே சொல்லல.”

வெல்டா எஞ்சின்மேல் கையூன்றிக்கொண்டாள். அவள் கோட்டைத் துடைக்கச் சொல்லி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததே இல்லை. கடைசியில் வந்துவிட்டது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் வாந்தி எடுத்தாள்.

“நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார் எலாடியோ. “எனக்கு டெக்சாஸ்ல மச்சான் இருக்கான். கோழிப்பண்ணை. கோழிக்கு முன்பாதி பின்பாதி எல்லாம் கெடையாது.”

அவர் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் வெளியே சரளைக்கல்லில் ஒரு வண்டி சறுக்கி நின்றது.

கோய் இறங்கும்போதே கையில் கடப்பாரை இருந்தது. முதல் அடி எலாடியோவின் பிக்கப் முன்கண்ணாடியில். இரண்டாவது, பக்கக் கண்ணாடி. மூன்றாவது அடியில் விளக்கு தெறித்தது. அப்புறம் பட்டறைக்குள் வந்தான். “பெட்டிய எடுத்துட்டு ஓடுறியா? எங்கப்பன் ரத்தம் இன்னும் காயல, நீ ஸ்பேனர எண்ணி எடுத்துட்டு ஓடுறியா?”

“கோய், கேளுடா, நான்...”

அவளை ஒரு கையால் தள்ளினான். வண்டியின் மட்கார்டில் வாய் மோதியது. உதடு கிழிந்து, பல்லில் இரும்பின் ருசி ஏறியது. அவள் எழுவதற்குள் டூல் பெட்டி கவிழ்ந்துவிட்டது. போல்ட் கழற்றும் சாக்கெட்டுகள் நூற்றுக்கணக்கில் சிமென்ட்டில் சிதறி மரத்தூள்வரை உருண்டன. எலாடியோ அனிச்சையாகக் குனிந்து ஒன்றைப் பிடிக்கப் போனார். கடப்பாரை அவருடைய வலது கையின் மேல் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வெல்டாவுக்குத் தெளிவாகக் கேட்டது. எலாடியோ கத்தவில்லை, நாய் முனகுவதுபோல ஒரு சத்தம் விட்டு முட்டி போட்டு உட்கார்ந்தார். கோய் அவர் விலாவில் உதைத்தான். பூட்ஸ் முனையில் இரும்பு வைத்த எண்ணெய்க்கிணற்றுப் பூட்ஸ். மறுபடி உதைத்தான்.

“சொல்லு! தெரிஞ்சே மாட்டினியா? குடிச்சிருந்தியா? சொல்லுடா!”

“என் தப்பு” என்றார் எலாடியோ.

“சத்தமா!”

“என் தப்பு.”

கோய் கடப்பாரையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஓங்கினான்.

வெல்டா தம்பியைப் பிடிக்கப் போகவில்லை. தூணில் கயிற்றில் தொங்கிய மஞ்சள் பேனாவைப் பறித்தாள். கயிறு அறுந்தது. மூடியைப் பல்லால் கடித்து எடுத்துத் துப்பினாள். மூடியோடு ரத்தமும் விழுந்தது. எஞ்சினின் பளபளத்த இடத்தில், இடது கையால், மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். அடிமுனை கொக்கிபோல வலப்பக்கம் திரும்பியது.

“கோய்! இங்க பாரு!”

அவன் திரும்பினான். கடப்பாரை ஓங்கியபடியே இருந்தது. கோட்டைப் பார்த்தான். அந்தக் கொக்கியைப் பார்த்துப் பார்த்தே வயிறெரிந்து வளர்ந்தவன் அவன்.

“இது என்ன?”

“இதுல இருந்தது. நான் போட்டது. ஜனவரில. கதவு வேற நீலமா இருந்துச்சு, பாத்தேன். பாத்துட்டும் விரல விடாம ஒரு கோடு போட்டேன்.” அவள் பேனாவை வலது கைக்கு மாற்றினாள். “டாடியக் கொன்னது நான். அவர் கையி எதுக்குடா உனக்கு? என் கைய ஒட.”

இடது கையை எஞ்சின்மேல் விரித்து வைத்தாள்.

“பொய்” என்றான் கோய். “அவனக் காப்பாத்தப் பொய் சொல்ற. கெழவன் பாத்திருப்பான். எல்லாத்தையும் பாப்பான். பாக்காம சங்கிலி மாட்ட விட மாட்டான்!”

தரையிலிருந்து எலாடியோ பேசினார். உடைந்த கையை மார்போடு அணைத்திருந்தார். “நான் கேட்டேன், கோய். ‘விரல விட்டுப் பாக்கட்டுமா’ன்னு கேட்டேன். ‘வெல்டா கோடுடா அது, தூக்கு’ன்னாரு.”

கோயின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரிதான் தொடங்கியது. “வெல்டா கோடு” என்றான். “என் கோட்ட மட்டும் ஊரே பாக்கத் தேச்சான். ஒவ்வொரு தடவையும். ஒவ்வொரு தடவையும் தேச்சுத் தேச்சு...”

கடப்பாரை இறங்கியது. வெல்டா கண்ணை மூடினாள். கையை எடுக்கவில்லை.

இரும்பில் இரும்பு மோதிய அதிர்வு அவள் தோள்வரை ஏறியது. அவள் விரலுக்கு ஒரு சாண் தள்ளி அடித்திருந்தான். மறுபடி அடித்தான். மறுபடியும். தீப்பொறி பறந்தது. எஞ்சினின் பக்கத்துக் குழாய்கள் நெளிந்தன, ஏதோ ஒரு மூடி தெறித்துச் சுவரில் மோதியது. எத்தனை அடி என்று தெரியாது. கடைசி அடியில் கடப்பாரை துள்ளி அவன் கையைவிட்டுப் போனது. கோய் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தபடி நின்றான். இரண்டிலும் தோல் கிழிந்திருந்தது.

பிறகு எஞ்சினைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். குனிந்து, அறுந்து தொங்கிய ஒயர்களுக்கு அடியில் விரலை விட்டான். தகடு கிழிந்த இடத்தில் மிச்சம் இருந்தது. அதைத் தடவினான். கண்ணை மூடிக்கொண்டு, அவசரம் இல்லாமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தடவினான். தகட்டின் முனை விரலைக் கீறி ரத்தம் வந்தபிறகும் கையை எடுக்கவில்லை.

நிமிர்ந்து வெல்டாவிடம் கையை நீட்டினான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் கேட்டது பேனாவை.

அவளுடைய கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு விரல் இடைவெளி விட்டு, இன்னொரு கோடு போட்டான். கோடு நேராகத்தான் வந்தது.

பேனாவை எஞ்சின்மேல் வைத்தான். நாடா தூணில் படபடத்துக்கொண்டிருந்தது.

“திங்கக்கிழமை வர்றவங்ககிட்ட நான் சொல்லிடறேன்” என்றாள் வெல்டா.

கோய் அவளைப் பார்க்கவில்லை. எலாடியோவின் அருகே போய் உட்கார்ந்தான். தன் கறுப்பு டையைக் கழற்றி, அவர் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டு, உடைந்த கையை அதில் தொங்கவிட்டான். இறுக்கமாகப் போட்டுவிட்டான் போல. எலாடியோ பல்லைக் கடித்தார். அவிழ்த்துத் தளர்த்திப் போட்டான்.

“எந்திரிங்க” என்றான். “ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“சாக்கெட்டெல்லாம் கெடக்கு.”

“நான் வந்து பொறுக்கறேன்.”

“பத்து எம்.எம். சாக்கெட்ட மொதல்ல தேடு. அதான் எப்பவும் காணாமப் போகும்” என்றார் எலாடியோ. அவன் அவரைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போனான். அவர் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். வண்டிக் கதவு சாத்திய சத்தம் கேட்டது. சரளைக்கல் நெரிபட்டது.

பெரிய கதவு வழியாகத் தெற்குக் காற்று புழுதியை வாரிக்கொண்டு உள்ளே வந்தது. வெல்டா காற்றுக்கு முதுகைக் காட்டி, எஞ்சின்மேல் குனிந்து, கறுப்பு உடுப்பின் இரண்டு ஓரத்தையும் பிடித்து விரித்துக்கொண்டாள். உதட்டு ரத்தம் சொட்டப் பார்த்தது, தோளில் துடைத்துக்கொண்டாள். கோடு இரண்டும் காய்வதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.